இறங்குமிடம் துறை

பவானியில் சங்கமம் என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். உள்ளூர்ப் பேச்சில் அது கூடுதுறை. வாய் பழகியவர்களுக்குக் 'கூடுதொறை'. தேவாரம் திருநணா என்று சொன்ன தலம் இது. காவிரியோடு பவானி சேர, கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் உடன் கலப்பதாக நம்பிக்கை.

கூடுவது ஆறுகளின் பாடு. துறை மனிதர் உண்டாக்கியது. கரை ஆறு நெடுகிலும் இருக்கிறது. தண்ணீரில் இறங்கித் திரும்ப ஏற வாகான இடமே துறை. பரிசல்துறை, வண்ணான்துறை, படித்துறை எல்லாம் அப்படி வந்தவை. நீலகிரியின் உச்சியில், புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே பிறக்கும் பவானி, அட்டப்பாடி வழியாகக் கேரளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவருகிறது. மலையில் பாறையும் பாய்ச்சலுமாக ஓடும்வரை அதில் துறை காண்பது அரிது. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே சமவெளியில் நிதானப்பட்ட பிறகுதான் ஊர்கள் அதில் கால் வைக்கின்றன.

கன்னடத்தில் 'தொறெ' என்றால் ஓடையே, ஆறே. மலையாளத்தில் 'துற' மீனவர் குடியிருப்பு. நம் கடற்கரையிலும் அப்படித்தான்: கன்னியாகுமரி மாவட்டத்தில் இரயுமன்துறை, யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை. கடலுக்கும் இறங்கத் துறை வேண்டுமே.

புலவர்கள் இந்தச் சொல்லைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றிவிட்டார்கள். புறநானூற்றுப் பாட்டுக்குத் திணையோடு துறையும் குறித்தார்கள். பொருளுக்குள் இறங்கும் வழி என்று கொண்டால் பொருத்தமாகவே இருக்கிறது. கற்றுத் துறைபோகியவர் என்றால் அக்கரை கண்டவர்.

பவானிக்கு ஒரு துரையும் உண்டு. அவர் வேறு ரகரம், வேறு வேர். தெலுங்கு 'தொர'வின் உறவு. கோவை ஆட்சியராக இருந்த வில்லியம் கரோ, 1804-இல் இவ்வூர்க் கோயிலின் வேதநாயகி அம்மனுக்குத் தந்தக் கட்டில் கொடுத்தார். அவர் தூங்கிய இடத்தின் சுவர் இடிந்து விழுவதற்குமுன் சிறுமியாக வந்து அவரை எழுப்பியவள் அம்மனே என்பது கதை.

அரசாங்கத்தில் 'இலாகா' உட்கார்ந்திருந்த நாற்காலியில் பிறகு துறை வந்து அமர்ந்தது. அந்தத் துறையின் கை கூடுதுறைவரை நீள்கிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பெண்கள் கூடுதுறைப் படியில் நின்று காதோலை கருகமணியைத் தண்ணீரில் விடுகிறார்கள். 1934-இல் மேட்டூர் அணையும் 1955-இல் பவானிசாகரும் வந்துவிட்டன. எந்தப் படிவரை தண்ணீர் ஏறும் என்பது இப்போது மதகுகளின் கையில். அந்த மதகுகளைப் பார்த்துக்கொள்வது, பொதுப்பணித்துறையிலிருந்து 2021-இல் பிரிந்த நீர்வளத்துறை.