கோத்தியர் கையில் துப்பாக்கி

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 விளையாடுற ஆக்களிட்ட 'எந்த நாகரிகம் பலமானது?' எண்டு கேட்டால், 'எந்த யுகத்தில?' எண்டுதான் திருப்பிக் கேட்பினம். ஆரம்பத்திலேயே போய் அடிக்க மங்கோலியர் நல்லம். அவர்களின் வேட்டைக்காரர் மற்றவர்களைவிட 40 வீதம் வேகமாக உணவு சேர்ப்பார்கள். கோட்டை யுகத்துக்குப் பிறகு பிரித்தானிய வில்லாளர். 1415இல் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் பிரபுக்களைச் சேற்றில் விழுத்தின அதே நெடுவில்தான்.

கடைசி யுகம் வரை இழுத்தால் கோத்தியர். காலாட்படை மலிவு, வெட்ட வெட்ட முளைக்கும். இங்கதான் எங்களுக்குச் சிரிப்பு வாறது. உண்மையான கோத்தியர் 410இல் ரோமைச் சூறையாடினவை. ஸ்பெயினில் இருந்த அவர்களின் அரசு 711இல் அரபு, பேர்பர் படையிடம் விழுந்தது. ஐரோப்பாவுக்கு வெடிமருந்து வர இன்னும் அறுநூறு வருசம் கிடக்கு. விளையாட்டிலோ அவர்கள் துப்பாக்கி தூக்குகிறார்கள்! ஆள் இல்லாமல் போன காலத்தில்தான் ஆகப் பலம்.

2022இல் திராவிடர் வந்தபிறகு எங்கட பெடியள் வேற எதையும் தொடுறதில்லை. குதிரைப்படை பலவீனம் எண்டு மட்டும் ஒரே புறுபுறுப்பு. அதில வரலாறு இருக்கு. பாண்டிநாட்டுக்கு வருசாவருசம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழியாக இறக்குமதியாகியதையும், அவை நெடுநாள் தாக்குப்பிடிக்காமல் செத்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை எங்களுக்கு வாங்கின சாமான். ஆனால் கப்பல் அப்படியில்லை: 1025இல் ராஜேந்திரனின் படை கடாரம் வரை போனது. விளையாட்டும் ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் திராவிடருக்கு 200 மரம் கொடுக்கிறது, கப்பல் கட்டட்டும் எண்டு.

அந்தக் கடற்பலம் எங்கட தீவுக்கும் வந்தது. அனுராதபுரம் விழுந்தது, பொலன்னறுவை சோழரின் நிர்வாக மையமானது. ஒரு வகுப்பறையில் பெருமையாகவும் பக்கத்து வகுப்பறையில் படையெடுப்பாகவும் படிக்கிற அதே சம்பவம். எங்களுக்கு இரண்டையும் ஒண்டாக வைச்சுத்தான் வாசிக்க விருப்பம், ஏனெண்டால் 1070ஐ விளங்கிக்கொள்ள வேற வழியில்லை. அந்த வருசம் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையைப் பிடித்தார். அவரின் பலவருசப் போராட்டம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், அதே வருசம் சோழநாட்டில் அதிராஜேந்திரன் இறக்க, அரியணைக் குழப்பத்துக்குள்ளால் முதலாம் குலோத்துங்கன் ஆட்சிக்கு வந்தார். சோழரின் கப்பல்கள் தொலைந்து போகவில்லை, வீட்டுக்குள்ள பிரச்சினை. விளையாட்டில் அரசர் வயது போய்ச் சாகமாட்டார். வாரிசுச் சண்டைக்கு அதில் ஒரு பொத்தானும் இல்லை.