கீழ் என்றொரு சொல்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் சோழர் காலத்துக் கடன் கணக்குகள் கல்லில் இருக்கின்றன. கோயில் பொன்னைக் கடன் வாங்கிய ஊர்ச்சபைகள், எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று எழுதிக் கொடுத்திருக்கின்றன. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு; இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. பொன் நிறுக்கிறவருக்குக் குன்றிமணிக்குக் கீழே அதிகம் போக வேண்டியிருக்கவில்லை.

நிலம் அப்படியல்ல. பக்கத்து உத்திரமேரூரில் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி, சபைத் தேர்தலுக்கான குடவோலையில் பெயர் இடவே கால் வேலிக்கு மேல் வரி நிலம் வேண்டும்; வேலி என்பது நில அளவு. அந்த நிலத்தைப் பங்காளிகள் பிரிக்கப் பிரிக்க, கணக்கன் பாடு திண்டாட்டம்தான்.

அவனுக்கு வாய்பாடு கைகொடுத்தது. ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒன்று காணி, 320-இல் ஒன்று முந்திரி. அதற்கும் சிறியது வந்தால்? புதுப் பெயர் தேடி அலையவில்லை. 'கீழ்' என்று ஒரு சொல்லைப் போட்டான். முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு அரை, கால், மா, காணி என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினான். 'முந்திரிக்குக் கீழ் அரை' என்றால் 1/640. இன்னொரு கீழ் போட்டால், இன்னொரு 320-ஆல் வகுத்ததாகப் பொருள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில் இந்தக் கீழ் அடுக்கிக்கொண்டே போய், ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை இறங்குகிறது. வேலியை ஆறே முக்கால் ஏக்கர் என்று கொண்டால், அது அரை சதுர மில்லிமீட்டர்! எந்தக் கோலும் அதை அளந்திருக்காது. வகுத்து வந்த மிச்சத்தை விட மனமில்லாத கணக்கன் வேலை அது.

இவ்வளவு சிறிய எண்களை இன்று அடுக்கெண்ணால் எழுதுகிறோம். பட்டின் ஒற்றை இழை ஏறத்தாழ 0.00001 மீட்டர் தடிமன். பள்ளிப் பிள்ளை அதை 10⁻⁵ என்று எழுதிவிடுகிறது. அந்தத் தஞ்சைப் பங்கு 1.9 × 10⁻¹¹ வேலி. தலைமேல் அடுக்கெண் எழுதும் வழக்கத்தைப் பிரெஞ்சுக் கணிதர் டெகார்ட் அச்சில் நிலைநிறுத்தியது 1637-இல். நம் கணக்கன் அடுக்கெண்ணை எழுதவில்லை. கீழ் எத்தனை என்று வாயால் எண்ணினான். அடிமானம் பத்துக்குப் பதில் 320, அவ்வளவுதான்.

திண்ணைப் பள்ளிகளோடு அந்த வாய்பாடு போயிற்று. அதன் நுண்பின்னங்களில் இம்மி என்ற சொல் பேச்சில் தங்கிவிட்டது. 'இம்மியளவும் விட்டுத்தர மாட்டேன்' என்று பாகப்பிரிவினையில் ஒருவர் கத்தினால், அவர் சொல்வது 1/21,50,400.