இசக்கியின் கையும் எங்கள் பட்டியலும்

ஏப்ரல் 14 அன்று அண்ணல் சிலைக்கு மாலை போட்டுவிட்டுத் தெருவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "எப்போதைக்கும் பிடிச்ச படம் எது?" என்று ஒரு தம்பி ஆரம்பித்துவைத்தான். 75 வயதைத் தாண்டிய பெரியப்பா யோசிக்கவே இல்லை, "மதுரை வீரன்" என்றார். இளைஞர்கள் ஒரே குரலில் "பரியேறும் பெருமாள்" என்றார்கள். ஐம்பதைத் தொட்ட எங்களில் ஒருவர் தயங்கித் தயங்கி "தேவர் மகன்" என்றார். முதலில் சிரிப்பு, பிறகு கோபம். "நீங்கல்லாம் எப்படிண்ணே அந்தப் படத்தை ரசிச்சீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்று எழுதினார் பேராசிரியர் கா. சிவத்தம்பி. அங்கே உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது சாதி அல்ல, கையிலிருந்த காசு. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நம் பாட்டன்மார் காசு கொடுத்துத் தரை டிக்கெட் வாங்கினார்கள். கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்கள். ஆனால் திரைக்குள் நுழைந்தார்களா?

நுழைந்தவன் நந்தன். 1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. அதில் நந்தனாராக நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம், அன்று ஊரே வாய்பிளந்த தொகை. 1942இல் ஜெமினி நிறுவனத்தின் ‘நந்தனார்’ வந்தது, நடித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். இரண்டுக்கும் முன்னால் நிற்பது கோபாலகிருஷ்ண பாரதியின் 19ஆம் நூற்றாண்டுக் கீர்த்தனை நாடகம். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையாரை அவர்தான் கதைக்குள் கொண்டுவந்தார். பண்ணையடிமையின் வேதனை இதனால் மேடையேறியது. ஆனால் முடிவு மாறவில்லை. தில்லைக்குள் போக நந்தன் தீயில் இறங்கித்தான் ஆகவேண்டும். நம்மவர்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள். இதே நந்தனைப் பௌத்த அரசன் என்றும், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன் என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியது இந்தப் படங்களுக்கெல்லாம் முந்தியது. அந்த நந்தன் கொட்டகைக்கு வரவே இல்லை.

அடுத்து வந்தவர் மதுரை வீரன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த படம். அருந்ததியர் தம்பதி வளர்த்த பிள்ளை. வளர்த்தவர்களாக நடித்தவர்கள் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். ஆனால் பிறப்பால் அவன் காசிராஜன் மகன். இந்த ஒட்டுவேலை சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல, கதைப்பாடல்களிலேயே உண்டு. சேரியில் பிறந்தவன் அவ்வளவு வீரனாக இருக்க முடியாது என்ற எண்ணத்துக்கு ஒரு ராஜரத்தம் தேவைப்பட்டது.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காசிராஜன் கதையெல்லாம் எவன்டா பாத்தான்? தெருக்கோடியில நிக்கிற நம்ம சாமி அவ்வளவு பெரிசா வந்து நின்னாரு. மாறுகால் மாறுகை வாங்கினப்ப கொட்டகையே அழுதுச்சு. அது எங்களுக்காக அழுதது மாதிரி இருந்துச்சு." எங்களால் பதில் பேச முடியவில்லை. படம் கொடுத்ததை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே பிய்த்து எடுத்துக்கொண்டார்.

எங்கள் தலைமுறைக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்ததா? 1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ வந்தது. இளையராஜா இசை, சிவாஜி, கமல். தொழில்நேர்த்தியில் குறைசொல்ல முடியாத படம். வன்முறையை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதுதான் அதன் முடிவு. ஆனால் ஊரில் ஒலிபெருக்கி கட்டி ஒலித்தது அந்த முடிவு அல்ல, சாதிப் பெருமை பாடும் ஒரு பாட்டு. எங்கள் தெருவைக் கடக்கும்போது அதன் சத்தம் கூடும். 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து சூறையாடியது. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1999இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். ஒரு படம்தான் இதையெல்லாம் செய்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தப் பத்தாண்டின் காற்றில் அந்தப் பாட்டும் இருந்தது என்று மட்டும் சொல்வோம்.

அந்தப் படத்தில் இசக்கி என்றொருவன் வருவான், வடிவேலு நடித்தது. சக்திவேல் சொல்லிப் பூட்டிய கோயிலைத் திறந்துவிடுகிறான். அதற்காக அவன் கை வெட்டப்படுகிறது. கை போன பிறகும் அவனை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறது படம். சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. கொட்டகையில் நாங்கள் சக்திவேலாகத்தான் உட்கார்ந்திருந்தோம். இசக்கியின் பக்கம் உட்கார எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் ரசனை மாறியதென்றால் அது இந்த இடமாற்றம்தான். அதைச் செய்தது சினிமா மட்டுமல்ல. 1991 அம்பேத்கர் நூற்றாண்டும் அதையொட்டி எழுந்த இயக்கங்களும் தலித் இலக்கியமும் எங்கள் கண்ணைத் திறந்தன. திறந்த கண்ணோடு வளர்ந்த பிள்ளைகள் பின்னால் கேமராவைக் கையில் எடுத்தார்கள். 2012இல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’, 2014இல் ‘மெட்ராஸ்’. 2016இல் ‘கபாலி’ சிறையில் உட்கார்ந்து ஒய்.பி. சத்யநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலய்யா’ படித்தார். 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ இரண்டு தேநீர்க் கிளாஸ்களோடு முடிந்தது. தீயில் இறங்காத நந்தனை அன்றுதான் பார்த்தோம். 2023இல் ‘மாமன்னன்’ விழா மேடையில், கமலை வைத்துக்கொண்டே, அந்த இசக்கிதான் மாமன்னன் என்றார் மாரி செல்வராஜ். அதே வடிவேலு இப்போது தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஒரு நாற்காலியில் உட்காருவதா நிற்பதா என்பதே கதை. 31 ஆண்டுகள் கழித்து இசக்கிக்குக் கை முளைத்தது.

அதனால் பட்டியல் முடிந்துவிட்டதா? அன்றிரவு அதற்கும் பதில் வந்தது. இத்தனை நேரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்ற தங்கச்சி கேட்டாள்: "நீங்க சொன்ன எல்லாப் படத்துலயும் கோபப்படுறது ஆம்பளைதானே? நாங்க அழறதுக்கும் ஆறுதல் சொல்றதுக்கும் மட்டுமா?" ‘சார்பட்டா’வின் மாரியம்மாவையும் ‘ஜெய் பீம்’ செங்கேணியையும் சொல்லிப் பார்த்தோம். "அவங்க நல்லாத்தான் இருக்காங்க. படம் அவங்களோடதா?" ‘நட்சத்திரம் நகர்கிறது’ ரெனேயைச் சொன்னோம். "அது ஒண்ணு. பத்துல ஒண்ணு" என்றாள்.

இன்று ‘தேவர் மகன்’ என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் நாளை இவள் பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்பார்கள்: நீங்கள் எப்படி இதை ரசித்தீர்கள்? அப்போது பழைய பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு, பிறந்ததிலிருந்தே சரியான படத்தைத்தான் ரசித்தோம் என்று பொய் சொல்லக்கூடாது. எங்கே உட்கார்ந்திருந்தோம், எப்போது இடம் மாறினோம் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி.

அடுத்த ஏப்ரல் 14க்குத் தெருவில் திரை கட்டுவதாக முடிவு. எந்தப் படம் என்பதைத் தங்கச்சிதான் சொல்வாள். தண்ணீர் நாங்கள் கொண்டுவருகிறோம்.