செஞ்சியில் நிலைத்த பெயர்கள்

ஆட்சிகள் மறைகின்றன, அரண்மனைகள் இடிந்து மண்மேடாகின்றன. ஆயினும் பெயர் மட்டும் ஓர் ஊரோடோ ஒரு தெருவோடோ ஒட்டிக்கொண்டு, அதற்குரியவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் மக்கள் நாவில் உலவுவதை நாம் காண்கிறோம். எந்தப் பெயர் நிலைக்கிறது, எது மறைகிறது, ஏன்? வரலாற்றை ஊன்றிப் படிப்போர் மனத்தில் இவ்வினா எழாமல் இராது. இவ்வினாவுக்கு விடை தேடுவோர் செஞ்சிக் கோட்டைக்குச் செல்ல வேண்டும் என்பது நமது கருத்து. அதற்கு முன்னர், ஓர் ஒப்புமைக்காக மேலை நாட்டை ஒரு முறை எட்டிப் பார்ப்போம்.

மௌப்ரே என்னும் பெயர்

1066ஆம் ஆண்டில் பிரான்சின் வடகரையிலுள்ள நார்மண்டியிலிருந்து வில்லியம் கோமகன் கடல் கடந்து சென்று இங்கிலாந்தை வென்றான். அவனோடு சென்ற பிரபுக்களுக்கு வென்ற நாட்டின் நிலங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவர்கள் தம் குடும்பப் பெயர்களை ஆங்கில ஊர்களின் பின்னே ஒட்ட வைத்தனர். மாண்டவில் குடும்பத்தின் பெயரால் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரும், மௌப்ரே குடும்பத்தின் பெயரால் மெல்டன் மௌப்ரே என்னும் ஊரும் இன்றளவும் விளங்குகின்றன.

மௌப்ரே என்பது நார்மண்டியிலுள்ள மோன்ப்ரே என்னும் சிற்றூரின் பெயரிலிருந்து பிறந்தது. இதில் வியப்பு யாதெனில், அப்பெயரை முதலில் தாங்கியிருந்த பிரபு அரசனுக்கு எதிராகக் கலகம் செய்து நிலங்களை இழந்தான். பின்னர் அந்நிலங்களைப் பெற்ற வேறொரு குடும்பத்தின் மைந்தனான ரோஜர் என்பவன், அரசன் கட்டளைப்படி மௌப்ரே என்னும் பெயரையும் சேர்த்து ஏற்றான். ஆக, நிலத்தோடு பெயரும் கைமாறியது!

இந்த ரோஜர் டி மௌப்ரே நம் வரலாற்றோடும் தொடர்புடையவன். சிலுவைப் போருக்காகப் பாலஸ்தீனம் சென்ற அவன், 1187இல் ஹித்தீன் போர்க்களத்தில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் படையினரிடம் சிறைப்பட்டான். மீட்புத் தொகை கொடுக்கப்பட்டு விடுதலை பெற்றவன், தாயகம் திரும்பாமல் அப்புண்ணிய பூமியிலேயே இறந்தான். அவன் வழியினர் 1397இல் நார்ஃபோக் கோமகன் பட்டம் வரை உயர்ந்தனர். 1476இல் கடைசி மௌப்ரே கோமகன் ஆண் வாரிசின்றி மறைந்தான். வமிசம் முடிந்தது, ஊர்ப்பெயர் முடியவில்லை.

சென்னைவாசிகளில் முதியோர்க்கு இப்பெயர் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பெனியின் அலுவலராகச் சென்னைக்கு வந்த ஜார்ஜ் மௌப்ரே என்பவர் அடையாற்றங்கரையில் ஒரு மாளிகை அமைத்தார். அதற்குச் செல்லும் வழி மௌப்ரே சாலை ஆயிற்று. அச்சாலை பின்னர் டி.டி.கே. சாலை எனப் பெயர் மாற்றம் பெற்றுவிட்டது. நார்மண்டியின் ஒரு சிற்றூர்ப் பெயர் சென்னைத் தெரு வரை வந்து நின்று, பின் விடைபெற்றுச் சென்ற கதை இது. வென்றோர் இட்ட பெயர்களில் பலவற்றுக்கு இதுவே முடிவு.

கோட்டைக்குச் சூட்டிய பெயர்கள்

இனிச் செஞ்சிக்கு வருவோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் சூழ நிற்கும் இக்கோட்டையை வென்றவர்கள் பலர். விசயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர்கள் இதனை விரிவாக்கினர். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை இதனைக் கைப்பற்றியதும் 'பாதுஷாபாத்' என்று பெயர் சூட்டப்பட்டது. 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. அவர் மைந்தர் இராஜாராம் இக்கோட்டையில் புகலடைந்தபோது, ஔரங்கசீப் ஆலம்கீரின் தளபதி சுல்ஃபிகார்கான் 1690இல் முற்றுகையிட்டார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அம்முற்றுகை 1698இல்தான் வெற்றி கண்டது. சுல்ஃபிகார்கானின் பட்டப்பெயர் 'நுஸ்ரத் ஜங்'. அதனையொட்டிக் கோட்டைக்கு 'நுஸ்ரத்கட்' என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது. நுஸ்ரத் என்றால் வெற்றி.

பெயர் சூட்டிப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1713இல் டில்லி அரியணைப் போட்டியில் தோற்ற தரப்பில் நின்ற சுல்ஃபிகார்கான், புதிய பாதுஷா ஃபரூக் சியரின் ஆணையால் கொல்லப்பட்டார். வெற்றியின் பெயரைக் கோட்டைக்குத் தந்தவருக்கு நேர்ந்த முடிவு இது. பாதுஷாபாத்தும் நுஸ்ரத்கட்டும் இன்று ஏடுகளில் மட்டுமே உள்ளன. உழவரும் வணிகரும் தம் வாயால் வழங்கி வந்த 'செஞ்சி' என்னும் பெயரே வென்றது.

நவாயத் குடும்பத்தார்

முகலாயரின் கர்நாடகப் பகுதிக்கு 1710இல் நவாபாகப் பொறுப்பேற்றவர் முஹம்மது சயீத் என்னும் இயற்பெயருடைய சஆதத்துல்லாகான். அன்னார் நவாயத் குலத்தவர். நவாயத்துகள் அரபு வழித் தோன்றல்களாகக் கொங்கணக் கரையில் குடியேறியவர்கள். பட்கல் முதலிய ஊர்களில் இன்றும் சிறப்புற வாழ்கிறார்கள். கடல் வணிகம், அரபுத் தொடர்பு, ஷாஃபிஈ மத்ஹபு ஆகியவற்றில் நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களுக்கு அவர்கள் உறவினர் போன்றவர்கள் எனலாம்.

சஆதத்துல்லாகான் 1732இல் மறையும் வரை, இருபதாண்டுகளுக்கு மேல் ஆண்டார். அவரது காலத்தில் ஆற்காடு தலைநகராய்ச் சிறந்து விளங்கியது. அவரது வாழ்க்கையைப் பாரசீக மொழியில் 'சயீத்நாமா' என்னும் நூலாக எழுதி வைத்தவர் ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து அறிஞர் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அக்கால அரசவை எவ்வாறு இயங்கியது என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதிய சான்று.

1714ஆம் ஆண்டுப் போர்

செஞ்சியின் பெயரைத் தமிழகம் முழுவதும் பரப்பியது ஓர் இளைஞனின் மரணம். ஔரங்கசீப்பால் செஞ்சிக் கோட்டையின் தலைவராக அமர்த்தப்பட்ட புந்தேலா வீரர் சரூப்சிங் 1714இல் காலமானார். அவர் செலுத்த வேண்டிய வரிப்பாக்கி பெருகியிருந்தது. மைந்தர் தேஜ்சிங் வடநாட்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். இவரையே தமிழ் மக்கள் தேசிங்குராஜன் என்பர். 'பாதுஷா என் தந்தைக்கு அளித்தது எனக்கும் உரியது' என்பது அவர் வாதம். 'பாதுஷாவின் புதிய ஆணையின்றிப் பதவி செல்லாது. பாக்கியும் செலுத்தப்பட வேண்டும்' என்பது நவாபின் வாதம். எனவே, இது சமயப் போர் அன்று. வரியும் அதிகாரமும் பற்றிய வழக்கு. இருதரப்பிலும் இருசமயத்தாரும் இருந்தனர்.

தேசிங்கின் உயிர் நண்பர் மஹபத்கான் என்னும் முஸ்லிம் வீரர். அவருக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்த வேளையில் போர்ச் செய்தி வந்ததாகவும், மணக்கோலத்தோடு அவர் நண்பனிடம் விரைந்ததாகவும் நாட்டுப்புறக் கதைப்பாடல் பாடுகிறது. பாட்டின் அழகுக்காகப் புலவன் சேர்த்தவை எவையாயினும், 1714 அக்டோபர் திங்களில் நிகழ்ந்த அப்போரில் தேசிங்கும் மஹபத்கானும் உயிர் துறந்தனர் என்பது வரலாறு. தேசிங்குக்கு அப்போது வயது 22 என்பர்.

மஹபத்கான் நினைத்திருந்தால் நவாபின் பக்கம் சென்றிருக்கலாம். நவாபும் முஸ்லிம்; வலிமையும் அவர் பக்கமே இருந்தது; பதவியும் பரிசும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் கொடுத்த வாக்கைப் பெரிதாக மதித்தார். வாக்குறுதியைக் காப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்பு அன்றோ? அப்பண்புக்காகவே மஹபத்கானைத் தமிழ் மக்கள் தம் பாட்டில் வைத்துப் போற்றினர். அவருக்கு வமிசம் இருந்ததா, அரண்மனை இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் தேசிங்கின் பெயர் வரும் இடமெல்லாம் அவர் பெயரும் வருகிறது.

வென்றவர் செய்த செயல்

வெற்றி பெற்ற நவாப் பகைவனின் உடலை இழிவுபடுத்தவில்லை. தேசிங்கின் உடல் உரிய மரியாதையோடு அவர்தம் முறைப்படி எரியூட்டப்பட்டது. அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அப்பெண்ணின் முடிவு நவாபின் நெஞ்சை உருக்கியது என்றும், அவள் நினைவாகப் பாலாற்றங்கரையில் ஆற்காட்டுக்கு எதிரே ஓர் ஊரை அமைத்து இராணிப்பேட்டை எனப் பெயரிட்டார் என்றும் மரபு கூறுகிறது.

இங்குச் சற்று நின்று சிந்திப்போம். வென்றவர்கள் தம் பெயரை ஊருக்கு வைப்பதே உலக வழக்கம். நார்மானியப் பிரபுக்கள் அவ்வாறே செய்தனர். சுல்ஃபிகார்கானுக்கும் அவ்வாறே நடந்தது. சஆதத்துல்லாகானோ தோற்றவன் மனைவியின் பெயரால் ஊர் அமைத்தார். அவ்வூர் வளர்ந்தது, தோல் தொழிலால் வாணிபச் சிறப்புற்றது, அத்தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் பல பங்கு கொண்டன. 2019இல் இராணிப்பேட்டை ஒரு மாவட்டத்தின் பெயராகவே உயர்ந்துவிட்டது. பிற்கால நவாப் முஹம்மது அலியின் உயரிய பட்டமான 'வாலாஜா'வைத் தாங்கி நிற்கும் வாலாஜாபேட்டை இன்று அந்த இராணிப்பேட்டை மாவட்டத்திற்குள் அடங்கிய ஒரு நகரம்! இரக்கத்தால் பிறந்த பெயர் பட்டத்தால் பிறந்த பெயரைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

செஞ்சிக் கோட்டைக்குள் 1717-18இல் சஆதத்துல்லாகான் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அவரை எதிர்த்து நின்று மாண்ட மஹபத்கானின் பெயராலும் செஞ்சியில் ஒரு பள்ளிவாசல் உண்டு. போர்க்களத்தில் எதிரெதிர் நின்ற இருவர் பெயரும் ஒரே கிப்லாவை நோக்கிய இரு பள்ளிவாசல்களில் வாழ்கின்றன. அரசுரிமை பற்றிய வழக்கு என்றோ முடிந்துவிட்டது. தொழுகைத் திசை ஒன்றாகவே இருந்து வருகிறது.

அரியணை போயிற்று, அறிவு நின்றது

நவாப் சஆதத்துல்லாகானுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அவர் தம் உடன்பிறந்தார் மகன் தோஸ்த் அலி 1740இல் மராத்தியருடன் பொருது மாண்டார். தோஸ்த் அலியின் மகன் சஃப்தர் அலி 1742இல் உறவினரின் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார். அவருடைய இளம் மகனும் 1744இல் கொலையுண்டார். மருமகன் சந்தாசாகிபு 1752இல் உயிரிழந்தார். இதற்கிடையே 1750இல் செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஒரு குடும்பத்தின் உட்பகை அந்நியருக்கு வாயில் திறந்துவிட்டது. நம் சமுதாயம் மறக்கலாகாத பாடம் இது.

நவாயத்துகளின் அரியணை அத்தோடு முடிந்தது. ஆனால் அவர்கள் பெயர் முடியவில்லை. வேலூரில் 1745இல் பிறந்த மௌலானா பாகிர் ஆகாஹ், அரபு, பாரசீகம், உருது ஆகிய மும்மொழிகளிலும் நூல்கள் யாத்த நவாயத் அறிஞர். சென்னையில் புகழ்பெற்று விளங்கிய காஜி பத்ருத்தௌலாவின் குடும்பமும் நவாயத் குடும்பமே. அன்னாரின் வழித்தோன்றலே 1908இல் ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். பாரிஸ் நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அப்பெரியார், ஹம்மாம் இப்னு முனப்பிஹ் அவர்களின் தொன்மையான ஹதீஸ் தொகுப்பை ஆராய்ந்து வெளியிட்டார். திருக்குர்ஆனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து 1959இல் உலகுக்கு அளித்தார். 2002இல் மறைந்தார். பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பறித்தது. நவாயத் அறிஞரோ பிரெஞ்சு மக்களுக்கு இறைமறையைக் கொடுத்தார். இவ்விரண்டில் எது நிலைத்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாம் பெறும் படிப்பினை

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் பன்னிரண்டு இராணுவக் கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, அவற்றுள் ஒன்றாகச் செஞ்சியும் இடம் பெற்றது. தமிழர் அனைவரும் மகிழத்தக்க செய்தி. இனி உலகெங்குமிருந்து மக்கள் அங்கே வருவர். அவர்களுக்குச் செஞ்சியின் முழு வரலாறும் சொல்லப்பட வேண்டும். நாயக்கரின் களஞ்சியங்களும், கல்யாண மகாலும், வேங்கடரமணர் கோயிலும், மராத்தியரின் தற்காப்பும், நவாபின் பள்ளிவாசலும் சேர்ந்ததே செஞ்சி. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்தால் அது அரைகுறை வரலாறாகும். அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இராஜகிரியின் உயரத்தைக் காட்டுவதோடு நில்லாமல், அப்பள்ளிவாசல்களின் முன்னும் நிறுத்தி இக்கதையைக் கூறுவார்களாக.

குலப்பெருமை பேசும் பழக்கம் நம்மிடையேயும் ஆங்காங்கே உண்டு. குலமும் கிளையும் மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே. உயர்வு இறையச்சத்தில்தான் என்பது நம் மார்க்கத்தின் போதனை. செஞ்சியின் வரலாறு அதற்குக் கல்லில் அமைந்த விளக்கவுரை. வாளால் சூட்டிய நுஸ்ரத்கட் மறைந்தது. வாக்குத் தவறாத ஒரு நண்பனின் பெயரும், பகைவன் மனைவிக்காக இரங்கிய ஒரு நவாபின் செயலும், அரியணை இழந்த பின்னும் ஏட்டை விடாத ஒரு குலத்தின் கல்வியும் நின்று விளங்குகின்றன. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்ல விரும்பும் பெயர் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.