குச்சவெளிக் கரை

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில், கிழக்கே கடலும் மேற்கே களப்புமாக ஒடுங்கிய நிலத்தில் குச்சவெளி அமைந்துள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் இது கட்டுக்குளப்பற்றைச் சேர்ந்திருந்தது.

ஊரின் பழமையைச் சொல்வது கடலோரப் பாறை. அதில் வெட்டிய சதுரம் பதினாறு கட்டங்களாகப் பிரிந்து, கட்டத்துக்கு ஒரு தூபி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் தேய்ந்துபோன சமஸ்கிருதக் கல்வெட்டு. உயிர்களைக் கடைத்தேற்றத் தான் புத்தராக வேண்டும் என்ற மகாயான வேண்டுதல் அதில் உள்ளது. அதைப் படித்து வெளியிட்ட தொல்லியலாளர் பரணவிதான, கி.பி. 5 முதல் 8ஆம் நூற்றாண்டுக்குள் வைத்தார். சற்று வடக்கே, திரியாய்க் குன்றின் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்தது; திரபுஸகர், வல்லிகர் என்னும் வணிகர் கூட்டங்களைக் குறிப்பிட்டு, அவலோகிதரைப் போற்றுகிறது. கடலில் தத்தளிப்போரைக் காப்பவராக வணங்கப்பட்டவர் அவலோகிதர். ஆகவே இக்கரையை ஒதுக்குப்புறமாக அல்ல, கடல்வழி வணிகத்தின் தங்குமிடமாகப் பார்ப்பதே பொருந்தும். இக்கல்வெட்டுகளை இன்றைய இனச்சண்டைக்குச் சாட்சியாக இழுப்பவர்கள் இரு பக்கமும் உண்டு. கல்லில் உள்ளதோ பொதுமொழியான சமஸ்கிருதம்.

தொழிலைத் தீர்மானிப்பது காற்று. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். சோளகம் வீசி மேற்குக்கரை கலங்கும் மாதங்களில் இங்கே கடல் அமைதியாகிவிடும்; அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வந்து வாடியடித்துத் தங்குவது நெடுங்கால வழக்கம். அவர்களின் மரபுப் படகு பக்கமிதவை கட்டியது. உள்ளூரார் கரைவலை இழுத்தும், களப்பில் இறால் பிடித்தும், வயல் செய்தும் வாழ்ந்தனர்.

வடகோடியிலுள்ள புல்மோட்டையில் இல்மனைற்று மணல் அள்ளப்படுகிறது. தெற்கே நிலாவெளிக்கு எதிரிலுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. போர்க்காலத்தில் இக்கரையோர ஊர்களிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். மீளக் குடியேறியவர்களை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மறுபடியும் அடித்தது. இன்று குச்சவெளி தனிப் பிரதேச செயலாளர் பிரிவு. முஸ்லிம்கள் பெரும்பான்மையினர், அடுத்த நிலையில் தமிழர்.