மாத்தளை எலும்புகளும் 1950 என்ற ஆண்டும்

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் பயோகேஸ் தொட்டி ஒன்றுக்காகக் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மண்வெட்டியில் மனித எலும்பு பட்டது. நீதவானின் உத்தரவோடு அகழ்வு தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரி அஜித் ஜயசேன, தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ ஆகியோர் முன்னின்றார்கள். சில மாதங்களில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளியே வந்தன. வரிசையாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கிடந்த உடல்கள்.

யாருடையவை? பழைய தொற்றுநோயொன்றில் இறந்தவர்களாக இருக்கலாம், மண்சரிவில் அகப்பட்டவர்களாக இருக்கலாம் என்ற பேச்சுகள் முதலில் எழுந்தன. ஆனால் மாத்தளை 1987–89 கிளர்ச்சிக் காலத்தில் இளைஞர்கள் பலர் காணாமற்போன மாவட்டம். கூட இருந்த பொருட்களையும் மண்ணின் படிவுகளையும் வைத்து, இவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று சோமதேவ அறிக்கை கொடுத்தார். 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. அங்கிருந்து வந்த முடிவு: 1950க்கு முற்பட்டவை.

ஒரே குழி, ஒரே எலும்புகள், ஆனால் இரண்டு காலங்கள். பெரும்பாலானவர்கள் தாங்கள் ஏற்கெனவே நம்பியிருந்த பக்கத்தைத் தேர்ந்துகொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்கள். இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனென்றால் மலைநாட்டு மண்ணில் இந்தக் கேள்வி மாத்தளையோடு நிற்கிற ஒன்றல்ல.

கந்தப்பளைப் பக்கம் தோட்டங்களில் கான் வெட்டும்போதோ, புது லயத்துக்கு அத்திவாரம் தோண்டும்போதோ எலும்பு வெளிப்பட்டால், "பழைய பொதகாடா இருக்கும், மூடிட்டுப் போங்க" என்பதுதான் வழமையான பதில். அதில் நியாயமும் இருக்கு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்த வாசல் மாத்தளை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்கு நடுகல் இல்லை, பதிவும் இல்லை. அதே மலைப் பாதைகளில் தவள மாடுகளோடு போய்வந்த நம்முடைய வியாபாரிகளுக்கும் மௌத்து வந்த இடமே மையவாடியானதுண்டு. பிறகு 1934–35 மலேரியா. ஏழெட்டு மாதத்தில் இலங்கை முழுவதும் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன நோய் அது. ஆகவே, மலைநாட்டில் பெயரில்லாத எலும்பு கிடைத்தால் அது பழையதாக இருக்கலாம் என்பது வெறும் சாக்கல்ல. அதுவே சாக்காகவும் பயன்படலாம் என்பதில்தான் சிக்கல்.

எலும்பு என்ன சொல்லும்? இடுப்பெலும்பும் மண்டையோடும் ஆணா பெண்ணா என்று காட்டும். வயதுக்குப் பல்லும், எலும்பு முனைகள் ஒட்டிக்கொண்ட விதமும் சாட்சி. தோள்பட்டைக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள காறையெலும்பின் உள்முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுதாக ஒட்டும். அது இன்னும் ஒட்டாதிருந்தால் இறந்தவர் இளைஞர். தொடையெலும்பின் நீளத்தில் ஆளின் உயரம் தெரியும். முறிவு உண்டென்றால், அது உயிர் பிரியும் நேரத்தில் வந்ததா, மண்வெட்டி பட்டு வந்ததா என்றும் பிரிக்கலாம். ஈரமுள்ள எலும்பு பச்சைக் கொம்புபோல வளைந்து சிம்பாக முறியும். காய்ந்தது சுள்ளிபோல ஒடியும். புதிய முறிவின் ஓரம் வெளிறியிருக்கும், பழைய முறிவின் ஓரம் மண்ணின் நிறத்தை ஏற்றிருக்கும்.

எலும்பு கிடந்த விதமும் சாட்சிதான். நம் ஜனாஸாக்களை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் கபுறு வடக்குத் தெற்காக வெட்டப்படும். தலை வடக்கே, உடல் வலப்பக்கம் சரிந்து, முகம் கிப்லா நோக்கி மேற்கே. கபனைத் தவிர வேறு பொருள் இராது. இந்த ஒழுங்கு நூறு வருடம் கழிந்தும் எலும்பில் தெரியும். அவசரமாகத் தள்ளப்பட்ட உடலில் இந்த ஒழுங்கு இருக்காது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு உடலும் எந்த ஆழத்தில், எந்தப் பொருளுக்கு மேலே அல்லது கீழே இருந்தது என்பதை வரைந்து, படமெடுத்து, எண்ணிட்டு வைப்பதற்காகத்தான் தொல்லியலாளரை அழைக்கிறார்கள். எலும்பைத் தூக்கி எடுத்த பிறகு அந்தச் சாட்சியத்தைத் திரும்பப் பெறமுடியாது.

இனி ஆய்வகத்தின் விடைக்கு வருவோம். உயிருள்ளவை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கரிமம்-14ஐ ஏற்றுக்கொள்ளும். இறந்ததும் அது தேயத் தொடங்கும். பாதியாகக் குறைய ஏறக்குறைய 5,730 வருடம். ஆயிரக்கணக்கான வருடத்துக்கான இந்தக் கடிகாரம் முப்பது, நாற்பது வருட வித்தியாசத்தைக் காட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணமாகக் காட்டாது. ஆனால் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றிலிருந்த கரிமம்-14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. 1963–64இல் உச்சம், பிறகு மெல்ல இறக்கம். அதற்குப் பிறகு பிறந்து வளர்ந்த எவருடைய எலும்பிலும் பல்லிலும் அந்த அடையாளம் இருக்கும். இந்தத் துறையில் காலக்கணக்கின் பூச்சிய ஆண்டாக 1950ஐ வைத்திருக்கிறார்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். 1989இல் இருபது வயதில் கொல்லப்பட்ட ஒருவர் 1969 அளவில் பிறந்தவர். அவருடைய எலும்பில் குண்டுக் கரிமம் இல்லாமல் இருக்க வழியில்லை. ஆய்வகத்துக்குப் போன மாதிரியில் அது இல்லையென்றால், அந்த மாதிரி அந்த இளைஞருடையதல்ல. "வெள்ளைக்காரன் பரிசோதனை, நம்பேலாது" என்று தள்ளிவிடுவது ஆய்வல்ல.

ஆனால் மறுபக்கமும் இருக்கு. ஏறக்குறைய 1650இலிருந்து 1950 வரையான காலத்தில் இந்தக் கணக்கின் கோடு ஏறியும் இறங்கியும் குழம்பிக் கிடக்கிறது. 1700ஐயும் 1900ஐயும்கூடப் பல சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே "1950க்கு முன்" என்ற விடை, "1940களின் தொற்றுநோய்" என்ற கதைக்கு அத்தாட்சியாகாது. ஒன்றை மறுத்தது, இன்னொன்றை நிறுவவில்லை. அதைவிட முக்கியம், ஆய்வகம் தன் மேசைக்கு வந்த துண்டைப் பற்றி மட்டுமே பேசும். அந்தத் துண்டு குழியின் எந்தப் படிவிலிருந்து எடுக்கப்பட்டது, யார் எடுத்தார்கள், யார் முத்திரையிட்டார்கள், இடையில் எங்கே இருந்தது என்பதெல்லாம் இங்கே காகிதத்தில் இருக்கவேண்டியவை. 150க்கும் மேற்பட்டவர்களில் எவருடைய எலும்பு போனது என்பதைப் பொறுத்தே அந்த விடைக்குப் பெறுமதி. படிவும் பொருளும் ஒன்றைச் சொல்ல, கரிமம் வேறொன்றைச் சொன்னால், இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து மாதிரிகளைத் திரும்ப எடுத்துச் சோதிப்பதே முறை. மாத்தளையில் ஒரு முடிவைக் கொண்டு இன்னொன்றை மூடினார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

மன்னாரிலும் இதே கதை. 2018இல் சதொச கட்டட நிலத்தில் 300க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. அதே ஆய்வகம் ஆறு மாதிரிகளுக்கு 1404–1635 என்று காலம் கொடுத்தது. இது குழப்பமில்லாத பகுதிக்குள் விழுகிற காலம், அதனால் கூடுதல் பலமுள்ள விடை. ஆனாலும் முந்நூறுக்கு ஆறு போதுமா என்ற கேள்வி நியாயமானதே.

கரிமத்தை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வருவோம். தோட்டத்தில் பிறப்பு இறப்பைத் தோட்டத் துரையே அறிவிக்கவேண்டும் என்ற ஒழுங்கு வெள்ளையர் காலத்தது. 1872இன் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டங்களுக்கு டாக்டரைக் கொண்டுவந்தது. ஆனால் காரணம் எழுதும் கட்டத்தில் காய்ச்சல், பலவீனம் என்ற ஒற்றைச் சொல்லோடு எத்தனை உயிர் முடிந்தது! அடிபட்டுச் செத்தவனும் அந்தச் சொல்லுக்குள் அடங்கலாம். கொழும்பில் நிலைமை வேறு. 1951இல் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி கொலையுண்ட வழக்கில், இறந்த நேரத்தை நிர்ணயிக்கப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் சாட்சி சொன்னார். எடின்பரோவிலிருந்து சர் சிட்னி ஸ்மித்தும் வந்தார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். லயத்து மரணத்துக்கு எடின்பரோவிலிருந்து ஆள் வந்ததாகச் சரித்திரமில்லை.

இன்றைக்கு திடீர் மரண விசாரணை அதிகாரி, நீதவான், சட்ட வைத்திய அதிகாரி என்ற ஒழுங்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நடக்கிறது. முதலில் வருகிற விசாரணை அதிகாரி பெரும்பாலும் டாக்டரல்ல. "போஸ்ட்மோட்டம் வேணாம், அசருக்கு முதல் அடக்கிடுவம்" என்று நம் ஆக்கள் அவரிடம் மன்றாடுவது எல்லா ஊரிலும் உண்டு. ஜனாஸாவை விரைந்து அடக்குவது நம் கடமை, மையத்தின் எலும்பும் கண்ணியத்துக்குரியது. ஆனால் சந்தேகமுள்ள மரணத்தில் அந்த அவசரத்தால் யாருக்கு லாபம் என்றும் பார்க்கவேண்டும்.

ரக்பி வீரர் வசீம் தாஜுதீன் 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் தன் காருக்குள் இறந்து கிடந்தார். வீதி விபத்து என்றார்கள். 2015 ஓகஸ்ட்டில் தெஹிவளை மையவாடியில் கபுறு தோண்டப்பட்டது. 2016 பெப்ரவரியில் நீதிமன்றம் அதைக் கொலை என்றது. முதல் பரிசோதனையில் எடுத்துவைத்த எலும்புப் பகுதிகள் காணாமற்போயிருந்தன. ஆனாலும் மூன்று வருடம் மண்ணுக்குள் இருந்த உடல் மீதியைச் சொல்லிற்று. நுவரெலியா மாவட்டத்திலும் 2021 ஜூலையில் அப்படி நடந்தது. கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கிருந்து தீக்காயங்களோடு இறந்த டயகமச் சிறுமியின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, பேராதனையில் மூன்று டாக்டர்கள் முன்னிலையில் இரண்டாவது பரிசோதனைக்கு உட்பட்டது. அது யாருடைய வீடு என்பதை வைத்து நம்மில் சிலர் அந்தப் பிள்ளையின் மரணத்தைப் பற்றிப் பேசத் தயங்கினார்கள். தயங்கியிருக்கக்கூடாது.

2020 ஏப்ரலில் கொவிட் உடல்களை எரிக்கவேண்டுமென்று வர்த்தமானி வந்தபோது நாம் மார்க்கத்தையும் துக்கத்தையும் பேசினோம். அது சரி. ஆனால் சட்ட வைத்தியப் பக்கமும் அதற்கிருந்தது. அடக்கிய உடலை நீதிமன்றம் திரும்பக் கேட்கலாம், சாம்பலைக் கேட்கமுடியாது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிய பிறகு 3,000க்கும் மேற்பட்ட கபுறுகள் அங்கே உருவாயின.

குருக்கள்மடம் இன்னொரு பக்கம். 1990 ஜூலையில் காத்தான்குடி நோக்கி வந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் அவ்வூரில் மறித்துக் கொன்றார்கள். 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் தோண்ட உத்தரவிட்டும் அப்போது வேலை நடக்கவில்லை. மாத்தளையின் குழப்பம் அங்கே வரவேண்டியதில்லை. 1990இல் இறந்த ஒருவரின் பல்லில், அவர் அறுபதுகளிலோ பிறகோ பிறந்தவரென்றால், குண்டுக் கரிமம் தெளிவாக இருக்கும். யார் யார் என்று பிரிக்க டிஎன்ஏ வேண்டும். அதற்குப் பெற்றோரின் அல்லது பிள்ளைகளின் இரத்தமே உறுதியானது. சகோதரர்களின் மாதிரி அவ்வளவு பலமாக நில்லாது. முப்பத்தைந்து வருடம் கழிந்த நிலையில், அந்தப் பெற்றோரிடமிருந்து மாதிரி எடுத்துவைக்கத் தோண்டும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு துளி இரத்தத்தை இன்றைக்கே எடுத்துப் பாதுகாக்கலாம்.