ஞானசௌந்தரி நாடகம்

செஞ்சியில் கூத்து என்றதும் தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருவான். 1714-ஆம் ஆண்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட அவன், சரித்திரத்தில் வாழ்ந்தவன். ஆனால் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் விடியவிடியக் கண்விழித்து அழுது பார்த்த நாடகம் வேறு. அதன் நாயகிக்குச் சமாதியும் இல்லை, ஊரும் இல்லை.

கதையைப் பெரியோர் அறிவார்கள். சிற்றன்னையின் வஞ்சகத்தால் காட்டில் இரு கைகளும் வெட்டுண்ட அரசகுமாரி; அவளை மணந்த பிலேந்திரன் போருக்குப் போனதும் மாற்றி எழுதப்பட்ட கடிதம்; பிள்ளைகளோடு மறுபடியும் காடு. பிள்ளையை அணைக்கக் கையற்ற தாய் தேவமாதாவைக் கூவியழைக்க, கைகள் திரும்ப வருகின்றன.

இதன் வேர் மத்திய கால ஐரோப்பாவில் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டில் பிலிப் தெ ரெமி என்னும் பிரெஞ்சுக் கவிஞர் எழுதிய 'லா மானெகின்' காவியத்தில், தந்தையின் தகாத விருப்பத்துக்குத் தப்ப ஹங்கேரி நாட்டு அரசகுமாரி தன் கையைத் தானே வெட்டிக் கொள்கிறாள். 1812-ல் கிரிம் சகோதரர் அச்சிட்ட ஜெர்மானியக் கதையிலோ தந்தையே வெட்டுகிறான். நம் நாடகத்தில் பழி சிற்றன்னை மேல் விழுகிறது. அந்தத் துன்பம் நம் வீடுகளுக்குத் தெரிந்ததுதானே!

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரும் இதை நாட்டுக்கூத்தாக ஆடினர். 1948-ல் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரண்டு நிறுவனங்களும் ஒரே ஆண்டில் இதைப் படமாக்கின. எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்த சிட்டாடல் படமே வென்றது.

ஒருமுறை ஒரு பாட்டி, "சாமி, ஞானசௌந்தரி அம்மா திருநாள் என்றைக்கு?" என்று கேட்டார். அர்ச்சியசிஷ்டர் வரிசையில் அவள் இல்லை, இது கட்டுக்கதை என்று விளக்கினேன். "இருக்கட்டும் சாமி, மாதா கை கொடுத்தது நெசந்தானே?" என்றார். குருமடத்தில் படித்த எதுவும் அச்சமயம் உதவவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். இளங்குருவாக இருந்தபோது வேறொரு பங்கில், இரவுக் கூத்தால் குடியும் சண்டையும் வருகிறதென்று இந்நாடகத்தை நிறுத்தியவன் நான். சண்டை குறைந்தது உண்மை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் கூத்து வாத்தியார் காலமானார். பாட்டு முழுவதும் அவர் மனதில்தான் இருந்தது. பின்வாத்தியம் பாடியவர்களுக்குத் துண்டு துண்டாகவே நினைவிருந்தது.

ஆகவே நம் பங்கில் எவர் வீட்டுப் பரணிலாவது ஞானசௌந்தரி கையெழுத்து நோட்டு இருந்தால், செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை, பங்கு இல்லத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன்.